கம்பியா, கம்பமா? பொன்முடி மலையில் ஓர் ஏரியல் ஆராய்ச்சி

அமெச்சூர் ரேடியோவில் ஈடுபாடுடைய அன்பர் இருவர் எங்கே சந்தித்தாலும், க்ஷேமம் விசாரித்து முடிந்ததும் பேச்சு ஏரியலில் வந்து நிற்கும். இந்நாளில் இதனை ஆன்டெனா என்பார்கள். நாம் பழகிய சொல்லாகிய ஏரியல் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு மரங்களுக்கிடையே கம்பியை இழுத்துக் கட்டுவதே சிறந்தது என்பது ஒரு கட்சி. அலுமினியக் கம்பம் ஒன்றை நிமிர்த்தி நிறுத்திவிட்டால் உலகமே காதில் வந்து விழும் என்பது மற்றொரு கட்சி. இவ்விரு கட்சியாரும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வதில்லை என்பது நமது அபிப்பிராயம். யாரோடு பேசப் போகிறோம், அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதே அக்கேள்வி. அதைக் கேட்ட மாத்திரத்தில் வழக்கில் பாதி தீர்ந்துவிடும்.

அமெச்சூர் ரேடியோ என்பது இன்னதென்று அறியாத இல்லங்களுக்கு இரண்டு வார்த்தை. அரசாங்கம் நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, தம் சொந்தக் கருவியால் பிறரோடு பேசுவோரை ஹாம் என்பர். நம் நாட்டில் அவர்களுடைய அழைப்புக்குறி வி.யு. என்ற எழுத்துகளில் தொடங்கும். வியாபாரத்துக்கு அதில் இடமில்லை. பொழுதுபோக்குத்தானே என்று சொல்லலாம். ஆனால் 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, வேறு காரியமாக அங்கே ரேடியோ அமைத்திருந்த ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிலையத்துக் குழுவினர்தாம், திருமதி பாரதி பிரசாத் தலைமையில், தீவுகளின் செய்தியை வெளியுலகுக்கு எட்டச் செய்தனர். 2018 ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தபோதும் இத்தகையோர் பலர் இரவு பகலாகச் செய்தி மாற்றிக் கொடுத்தனர்.

இனிப் பொன்முடிக்கு வருவோம். திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கல்லாற்றைக் கடந்ததும் 22 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர். ஞாயிற்றுக்கிழமை தோறும் பனிமூட்டம் காணக் கார்களில் செல்வோர் பலர்; வழியிலுள்ள தேயிலைத் தோட்டங்களில் லயங்கள் இருப்பதையும், அவற்றில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்வதையும் கவனிப்போர் சிலரே. அவர்களிற் பலருக்குப் பெண் கொடுத்ததும் எடுத்ததும் மலைக்கு அப்புறம் திருநெல்வேலிச் சீமையில்தான்.

அந்தத் திருநெல்வேலி எவ்வளவு தூரம் என்று நினைக்கிறீர்கள்? தேசப்படத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தால், பொன்முடியிலிருந்து நேர் கிழக்கே 65 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் நடுவே நிற்பது பொருநை பிறக்கும் அகத்தியமலைத் தொடர். அதன் சிகரமாகிய அகத்தியர்கூடம் 1,868 மீட்டர். ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் நமக்கு இம்மலை புதிதன்று. ரயில் பாதை போட வந்தவர்களும் இதைக் குடைந்து நேரே போகத் துணியவில்லை. வடக்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொல்லம்–செங்கோட்டைப் பாதையை 1904-இல் திறந்தார்கள். தெற்கே ஆரல்வாய்மொழி வழியாகத் திருவனந்தபுரம்–நாகர்கோவில்–திருநெல்வேலிப் பாதை 1981-இல் நிறைவுற்றது. தென்வழியே போனாலும் திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 145 கிலோமீட்டர் சுற்றிப் போகவேண்டும். அதற்குமுன் மலையிலிருந்து இறங்கும் தூரம் வேறு.

இறங்குவதற்குச் சாலை இருக்கவேண்டுமே! 2022 செப்டம்பர் மழையில் 12-ஆவது வளைவருகே சாலையே இடிந்து சரிந்தது. சுற்றுலாக்காரருக்கு அது ஒரு பயணம் தவறிய வருத்தம். மலை மேல் குடியிருப்போருக்கோ அரிசியும் மருந்தும் பற்றிய கவலை. மழைக் காலத்தில் மின்சாரம் போனால் கைப்பேசிக் கோபுரத்தின் பாட்டரியும் எத்தனை நாழிகைக்குத் தாங்கும்? அத்தகைய நாளில் ஒரு கார் பாட்டரியும், சிறு ரேடியோவும், சரியான ஏரியலும் மலை மேல் இருக்குமானால், ‘குழந்தைகள் சௌக்கியம்’ என்ற ஒரு வாக்கியம் திருநெல்வேலியில் விழித்திருக்கும் தாயாரை அடையும். சரியான ஏரியல் என்றோமே, அது எது என்பதுதான் இங்கே ஆராயவேண்டியது.

முதலில் இருவகையின் உருவத்தைப் பார்த்துவிடுவோம். கம்பி ஏரியல்களில் எளியது டைபோல். ஒரே நீளமுள்ள இரண்டு செப்புக் கம்பிகள். நடுவில் கேபிள் வந்து சேரும். மொத்த நீளம் அலையின் நீளத்தில் பாதி. 143 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் கணக்கில் நீளம் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டரும் 14 சென்டிமீட்டரும், பக்கத்துக்குப் பாதி. நெட்டையான கம்பம், அதாவது வெர்ட்டிகல், இதில் ஒரு பாதியை மட்டும் எடுத்து நிமிர்த்தி வைத்தது போன்றது. மறுபாதியின் வேலையைத் தரை செய்யவேண்டும். அதற்காகக் கம்பத்தின் அடியிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போலக் கம்பிகளைத் தரையில் பரப்புவார்கள். 7.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கம்பத்தின் உயரம் 10 மீட்டர். பார்ப்பதற்கு அதுவே கம்பீரம். டைபோலோ, துணி உலர்த்தும் கொடி போல இருக்கும்.

சிற்றலை ரேடியோவின் ஒலி தூர தேசம் செல்வது தரை வழியாக அன்று. பூமிக்கு மேலே, சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்று ஒரு கண்ணாடி போல் நிற்கிறது. அதை அயனி மண்டலம் என்பர். நாம் அனுப்பும் அலை அதில் பட்டுத் திரும்பிக் கீழே விழுகிறது. சுவரில் பந்தடித்து விளையாடும் சிறுவனுக்குத் தெரிந்த கணக்குத்தான் இது: அருகில் விழவேண்டுமானால் நெட்டுக்குத்தாக எறியவேண்டும், தொலைவில் விழவேண்டுமானால் தாழ எறியவேண்டும். கண்ணாடி 300 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டு நாம் போட்டுப் பார்த்த கணக்கைச் சொல்கிறோம். பொன்முடியிலிருந்து திருநெல்வேலிக்கு அலை ஏறவேண்டிய கோணம் 83 பாகை, அதாவது ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. சுமார் 170 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்கு 73 பாகை. கொழும்புக்கு 57. சென்னைக்கு 43. சுமார் 3,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சிங்கப்பூருக்கோ 5 பாகைகூட இல்லை. அடிவானத்தைத் தடவிக்கொண்டு போகவேண்டும்.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் அந்தக் கம்பீரமான கம்பத்தைப் பாருங்கள். நிமிர்ந்த கம்பம் தன் சக்தியை நாற்புறமும் அடிவானத்தை நோக்கி வீசும். தன் உச்சந்தலைக்கு நேரே வீசவே வீசாது. குறைவற்ற தரை அமைந்த கம்பத்திலும், 83 பாகைக் கோணத்தில் அது அனுப்பும் சக்தி, அடிவானத்தை நோக்கி அனுப்புவதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அடிவானத்தை நோக்கிச் சென்றதோ கிழக்கே மலையில் மோதி நிற்கும். ஆகவே 65 கிலோமீட்டரில் இருக்கும் உறவினருக்கு அக்கம்பம் ஊமை. தாழக் கட்டிய கம்பியோ நேர்மாறு. அலையின் நீளத்தில் கால் பங்குக்கும் குறைவான உயரத்தில், அஃதாவது 6 முதல் 10 மீட்டருக்குள், அதைக் கட்டினால் தன் சக்தியின் பெரும்பகுதியை ஆகாயத்தை நோக்கியே அனுப்பும். அதற்கு மலை தடையன்று. மலைக்கு மேலே ஏறி மலைக்கு அப்பால் இறங்கும். ஏரியல் என்றால் உயரத்தில்தான் இருக்கவேண்டும் என்று நம்பியிருப்போருக்கு இது விநோதமாகத் தோன்றலாம்.

இதை நாம் ஏட்டுக் கணக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு மார்கழி விடுமுறையில், அனுமதி பெற்று, நண்பர் மூவரோடு மலைச்சரிவில் இரண்டையும் நிறுவினோம். 8 மீட்டர் மூங்கிலின் உச்சியில் கம்பியின் நடுவைக் கட்டி, இரு நுனிகளையும் கீழ்நோக்கி இழுத்துவிட்டோம். தலைகீழ் வி எழுத்துப் போன்ற அமைப்பு. அதிலிருந்து நாற்பது அடி தள்ளிக் கம்பம். ரேடியோ ஒன்று, மாற்றுச் சுவிட்சைத் திருப்பினால் ஏரியல் மாறும். பாளையங்கோட்டையிலிருந்த நண்பரின் குரல் கம்பியில் அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல் வந்தது. சுவிட்சைத் திருப்பியதும் இரைச்சலுக்கு அடியில் யாரோ முனகுவதுபோல் ஆயிற்று. அங்கே அவருக்கும் அப்படியே. நான்கைந்து முறை மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒரு தடவைகூடக் கம்பம் வெல்லவில்லை. உடன் வந்த நண்பர் ஒருவர் கம்பக் கட்சியின் நெடுநாளைய பிரமுகர். அவர் ஒன்றும் பேசாமல் பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றத் தொடங்கிவிட்டார்.

கம்பியை எத்திசையில் கட்டுவது? வேறு நாட்டுப் புத்தகங்களில், நேர் மேலே அனுப்பும் கம்பிக்குத் திசை ஒரு பொருட்டன்று என்று எழுதியிருப்பார்கள். நம் பகுதிக்கு அது முற்றும் பொருந்தாது. பூமியின் காந்த நடுக்கோடு திருவனந்தபுரத்துக்கு மிக அருகில் செல்கிறது. 1963 நவம்பர் 21-இல் நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் தும்பாவிலிருந்து ஏவப்பட்டதற்கும் இதுவே காரணம். காந்த நடுக்கோட்டின் மேல் ஆகாயத்தில் நிகழும் விசேஷங்களை அறிவதற்கு அதனினும் பொருத்தமான இடம் அரிது. அத்தகைய இடத்தில் பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக வடக்கு தெற்காகக் கிடக்கும். கம்பியும் அதே வடக்கு தெற்காகக் கிடந்தால் அலை குறைந்த சேதத்துடன் திரும்புகிறது. கிழக்கு மேற்காகக் கிடந்தால் அதிகம் உறிஞ்சப்படுகிறது. 1960-களில் தாய்லாந்துக் காடுகளில் அமெரிக்கர் நடத்திய சோதனைகளிலும் இவ்வுண்மை வெளிப்பட்டது. திருநெல்வேலி கிழக்கே இருக்கக் கம்பியை வடக்கு தெற்காகக் கட்டுவதா என்று யோசிக்க வேண்டா. நேர் மேலே போகும் அலைக்கு அங்கிருந்து எத்திசையும் ஒன்றே.

நேரமும் பார்க்கவேண்டும். 7 மெகாஹெர்ட்ஸ் காலையிலும் பிற்பகலிலும் நன்றாக வேலை செய்யும். உச்சிப்பொழுதில் கீழ் அடுக்கு சற்று உறிஞ்சிக்கொள்ளும்; குரல் மெலியுமே தவிர மறையாது. அந்தி சாய்ந்தபின் சில நாட்களில் குரல் நீரில் ஆடும் நிழல்போல் நடுங்குவதைக் கேட்கலாம். காந்த நடுக்கோட்டு நாட்டாருக்கே உரிய அனுபவம் அது. இரவு முதிர முதிரக் கண்ணாடியின் வலு குறைந்து, நேர் மேலே போன அலை திரும்பாமல் வெளியே போய்விடும். அப்போது 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கவேண்டும். கம்பியின் நீளம் 40 மீட்டராகும். லயத்தில் அவ்வளவு இடம் இருக்குமா என்றால், தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் இருக்கின்றன.

கம்பத்துக்கு மலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. பொன்முடியின் மேற்புறம் பெரும்பாலும் பாறை. மேலே புல் போர்த்த மெல்லிய மண். ஆரக்கால் கம்பிகளைப் புதைக்க வழியில்லை. ஒலிபரப்பு நிலையங்களில் 120 கம்பிகள் வரை பரப்புவது வழக்கம். நாமோ நான்கைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்கிறோம். இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. கால் அலைக் கம்பத்தின் தடை ஏறக்குறைய 36 ஓம். கேபிளோ 50 ஓம். ஆகையால் நல்ல தரையிட்ட கம்பத்தில் மீட்டர் சிறிது குறை காட்டவேண்டும். குறையே இல்லாமல் ஒன்றுக்கு ஒன்று என்று காட்டினால் புதியவர் மகிழ்ந்து போவார். உண்மை என்னவென்றால், எஞ்சிய 14 ஓம் தரையின் நஷ்டம்; 100 வாட்டில் 28 வாட் பாறையைச் சூடேற்றப் போகிறது. கம்பிகளைத் தரையில் போடாமல் ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிக் கட்டினால் நான்கே போதும் என்பது உண்மைதான். ஆனால் அவ்வளவு கம்பி கட்டுபவர் டைபோலையே கட்டிவிடலாமே!

இவ்வளவும் சொன்னதால் கம்பத்தை நாம் வெறுப்பதாக நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. அதற்குரிய இடத்தில் அதற்கு நிகரில்லை. சங்குமுகம் கடற்கரையில், அலை வந்து காலை நனைக்கும் இடத்தில் அதே கம்பத்தை நிறுத்திப் பாருங்கள். உப்பு நீர் வறண்ட பாறையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். அங்கிருந்து மேற்கே துபாய் வரை, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டரில் பெரும்பகுதி கடலே. அடிவானத்தைத் தடவிச் செல்லும் அலைக்கு அதைவிட நல்ல ராஜபாட்டை இல்லை. வளைகுடாவில் பிள்ளைகள் வேலை பார்க்கும் நம் இல்லங்கள் எத்தனை! அங்கேயும் உரிமம் பெற்றவர் இருப்பின், 14 மெகாஹெர்ட்ஸில் 5 மீட்டர் கம்பம் ஒன்றே மாலை நேரத்தில் பேச்சுக்குப் போதும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பேச விரும்புவோர் பொன்முடிக்கு வருவதில் பயனில்லை. கிழக்கே மலை மறைக்கும். கன்னியாகுமரிக் கரைக்குப் போவது நலம்.

நகரத்து மொட்டை மாடியில் 20 மீட்டர் இடம் யாருக்கு இருக்கிறது? அங்கும் பலருக்குக் கம்பமே கதி. ஆனால் அக்கம்பக்கத்து எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர் முதலியவற்றின் இரைச்சலைக் கம்பமே அதிகம் இழுத்துக் கொடுக்கும் என்பதை நினைவில் வைக்கவும். வாடகை வீட்டில் இருப்போருக்கு மெல்லிய கம்பியில் இன்னொரு சௌகரியம்: வீட்டுக்காரர் கண்ணில் படாது.

சிற்றலையை விட்டு 145 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தால் வழக்கே மாறிவிடும். அங்கே ஆகாயக் கண்ணாடி உதவாது. கண்ணுக்கு எட்டும் தூரமே காதுக்கும் எட்டும். எல்லோரும் நிமிர்ந்த கம்பத்தையே வைத்திருப்பதால் நாமும் நிமிர்த்தியே வைக்கவேண்டும். அரை மீட்டர்க் கம்பம் போதும். அதில் உயரமே எல்லாம். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் வரை எட்டும். பொன்முடி உச்சியில் போலீசார் வயர்லெஸ் நிலையம் வைத்திருப்பது காட்சி அழகுக்காக அன்று. மேற்கே கடற்கரை முழுதும் அங்கிருந்து கைக்கெட்டியதுபோல் தெரியும். கிழக்கே மட்டும் பழையபடி மலை.

மலைச்சரிவில் கட்டும் கம்பிக்கு மற்றொரு லாபமும் உண்டு. அதைச் சிலரே பயன்படுத்திக்கொள்கிறார்கள். தரை மேற்கு நோக்கிச் சரிந்திருந்தால், கம்பியிலிருந்து அப்பக்கம் செல்லும் அலையும் சரிவோடு சேர்ந்து தாழ்கிறது. 15 பாகைச் சரிவானால் ஏறக்குறைய அவ்வளவு தாழும். வடக்கு தெற்காகக் கட்டிய கம்பி, தன் இயல்பாலேயே கிழக்கிலும் மேற்கிலும் அதிகம் வீசும். ஆகவே 7 மெகாஹெர்ட்ஸில் திருநெல்வேலிக்கென்று கட்டிய அதே மூங்கிலின் உச்சியிலிருந்து, 14 மெகாஹெர்ட்ஸுக்கு 10 மீட்டர் நீளத்தில் இன்னொரு கம்பியையும் தொங்கவிட்டால், அது சரிவின் துணையோடு வளைகுடாப் பக்கம் போகும். கேபிள் ஒன்றே போதும். இரண்டையும் ஒரே நடுப்புள்ளியில் இணைக்கலாம்.

கட்டுவோருக்குச் சில குறிப்புகள். கம்பியைக் கணக்கைவிட ஒரு சாண் நீளமாகவே வெட்டுங்கள். பிறகு சிறிது சிறிதாகக் குறைக்கலாம், நீட்டுவது கடினம். நுனிகளில் பேசும்போது உயர்ந்த மின்னழுத்தம் இருக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாதபடி இரண்டரை மீட்டருக்கு மேலேயே நிறுத்துங்கள். மரத்தில் கட்டினால், ஒரு நுனியின் கயிற்றைக் கப்பியின் வழியாக விட்டு ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது கல் ஏறி இறங்குமே தவிரக் கம்பி அறாது. பொன்முடிக் காற்றின் வலிமை, அங்கே குடை பிடித்தவர்களுக்குத் தெரியும். மின்சார வாரியத்தின் கம்பிக்கு அருகில், அறுந்து விழுந்தால் தொடக்கூடிய தூரத்தில், எந்த ஏரியலையும் எக்காரணம் கொண்டும் கட்டலாகாது.

இடியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகல் ஆனால் இம்மலையில் மேகம் கூடிவிடும். கம்பியானாலும் கம்பமானாலும் மின்னலுக்கு வித்தியாசம் இல்லை. மலைமேல் நிற்கும் 10 மீட்டர் உலோகக் கம்பத்தில் ஒருவேளை அதற்கு விருப்பம் அதிகமாயிருக்கலாம். முதல் முழக்கம் கேட்பதற்கு முன்பே கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியே எறிந்துவிடவேண்டும். பேச வேண்டியதை விடியற்காலையில் பேசிவிடுங்கள். காலை 7 மணி முதல் 10 மணி வரை ஆகாயமும் தெளிவாயிருக்கும், 7 மெகாஹெர்ட்ஸும் திறந்திருக்கும், திருநெல்வேலியில் நம்மவர்களும் காபி குடித்துவிட்டுக் காத்திருப்பார்கள்.